திங்கட்கிழமைக்கு ஒரு கோட்

கடைப் படியிறங்கி முப்பது அடி நடந்த பிறகும் அந்தப் பெண் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. என் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் என் தங்கை வதனியின் கம்பளிக் கோட். நேற்றுக் காலை வரை அது நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் கோட். இப்போது பத்து வயதுப் பிள்ளைக்கும் அக்குள் பிடிக்கும்.

"இதை நீ தோய்க்கவில்லை. சமைத்திருக்கிறாய்" என்று கடைக்காரி ஜெர்மனில் சொல்லியிருந்தாள். அவள் பெயர் நெர்மின். டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில், உடுப்புகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை அவளுடையது. அப்பா துருக்கியிலிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்தவர். சுவரில் அவருடைய படம் தொங்கியது. நெர்மினுக்கு அறுபது வயதிருக்கும். வலது மணிக்கட்டில் பட்டி கட்டியிருந்தாள். கோட்டை மேசையில் விரித்தாள், இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டினாள், இரண்டு கையாலும் இழுத்தாள். பிறகு மடித்து என்னிடமே தந்தாள். சுருங்கிய கம்பளி திரும்பி வராதாம்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன், இருபது வருஷத்துக்கு முன் இங்கே ஒரு முகாமில் எட்டு மாதம் இருந்தபோது பொறுக்கியது. அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள், நான் பிரான்சுக்குப் போய்விட்டேன். மொழி மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. "சமைத்திருக்கிறாய்" என்பதைப் புரிந்துகொள்ள அது போதும்.

நான் வந்தது புதன்கிழமை. பாரிஸில் வேலை செய்த உணவகம் மூடிவிட்டது. ஹம்பேர்க்கில் கப்பல் சமையலறையில் ஆள் தேடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். போகிற வழியில் தங்கை வீட்டில் மூன்று நாள் நிற்கலாம் என்று இறங்கினேன். என்னிடம் ஒரு பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, ஒரு முதுகுப்பை இருக்கிறது, எட்டாம் வகுப்பு வரை படிப்பு இருக்கிறது. வேலை எங்கே என்கிறார்களோ அங்கே போவேன். இதுவரை அது பெரிய தவறாகப் போனதில்லை.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று செத்தல் மிளகாய், மல்லி, சோம்பு எல்லாம் பாரிஸிலிருந்தே வாங்கி வந்திருந்தேன். வதனியும் புருஷனும் வேலைக்குப் போயிருந்த வியாழக்கிழமை காலை, அவளுக்கு ஆறு மாதத்துக்குக் காணக்கூடிய கறித்தூளை வறுத்து வைப்போம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். மிளகாய் கருகத் தொடங்கியதும் இருமல் வந்தது. காற்று வரட்டும் என்று குசினிக் கதவையும் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டேன். காற்று வந்தது. புகையைத் தள்ளிக்கொண்டு நேரே நடைக்குப் போய், அங்கே கொழுவியிருந்த கோட்டில் ஏறியது.

ஐரோப்பாவில் குடியிருக்கிற எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. அடுப்பில் எண்ணெய் வைப்பதற்கு முன் கோட்டுகள் எல்லாவற்றையும் படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் வெங்காயம். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் தேடுவார். குடும்பமாக இருக்கிறவர்களுக்கு இது கை பழகிய வேலை. நான் எட்டு ஆண்கள் ஒரு அறையில் படுத்த வீடுகளில் இருந்தவன். எட்டு ஜாக்கெட்டும் ஒரே வாசம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கோட்டை முகர்ந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள் அரைக்கும் மில் ஒன்றுக்குள் நிற்பது போல இருந்தது. அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். பாரிஸில் நான்கு வருஷம் ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கும் இடத்தில் வேலை செய்தவன் நான். துணியில் வாசம் என்றால் சூட்டைக் கூட்டு என்பதே அங்கே கிடைத்த கல்வி. நிலக்கீழ் அறையிலிருந்த தோய்க்கும் மெஷினில் கோட்டைப் போட்டு, துணைக்கு நான்கு துவாயும் போட்டு, அறுபது பாகைச் சூட்டில் திருகிவிட்டேன்.

மத்தியானம் வேலையால் வந்த வதனி, ஹீட்டரின் மேல் கிடந்ததைத் தோளில் பிடித்துத் தூக்கினாள்.

"காஞ்சிட்டுதோ?" என்று கேட்டாள். அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

இரவு சோறு போடும்போது சொன்னாள்: "பரவாயில்லை அண்ணா. திங்கக்கிழமை வேலை ஜாக்கெட்டோட போறன்."

அவள் திட்டியிருந்தால் நான் அடுத்த நாளே ஹம்பேர்க் ரயிலில் ஏறியிருப்பேன்.

அந்த வேலை ஜாக்கெட் நீல நிறம், பொம்மென்று ஊதியது, முதுகில் துப்புரவுக் கம்பனியின் பெயர் ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருக்கும். பதினொரு வருஷமாக வதனி அதைப் போட்டுக்கொண்டு ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தைத் துடைத்தாள். அலுவலகக்காரர்கள் வருவதற்கு முன் வேலை முடித்துவிட வேண்டும். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுவுவது கீழ்த்தளத்தில், வாளியும் துடைப்பமும் வைக்கிற இடத்திலுள்ள ஆணியில். மேல்மாடியில் அலுவலகக்காரர்களின் கோட்டுகளுக்கு ஓர் அலுமாரி. அதிலுள்ள மரக் கொழுவிகளை அவள் வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டுவாள். இடையில் மாலை வகுப்புக்குப் போனாள். இங்கே எல்லோரும் 'அவுஸ்பில்டுங்' என்று சொல்கிற தொழிற்படிப்பை முடித்தாள். அதே அலுவலகத்தில் முன் மேசையில் ஓர் இடம் காலியானபோது விண்ணப்பம் போட்டாள். கிடைத்துவிட்டது. கடைசி மாதம் கம்பனி அவளை வேறு கட்டிடத்துக்கு அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அதே படியில் ஏற வேண்டும், இந்த முறை மேல்மாடி வரைக்கும்.

அதற்காக வாங்கி வைத்த கோட்டைத்தான் நான் சமைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடையை விட்டு நான் நடந்தபோது நெர்மின் பின்னாலிருந்து ஒன்று சொன்னாள். "புதிதாகத் தேடிப் பயனில்லை. மாசி வந்துவிட்டது, கடைகளில் கோட் இருக்காது. டுசல்டோர்ஃபுக்குப் போ. அங்கே பணக்காரப் பெண்கள் கோட் சலித்துப் போய், தேவாலயத்தின் பழைய உடுப்புக் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள்." அதற்குத்தான் வாசலில் நின்றிருக்கிறாள், நான் கேட்டேனா என்று பார்க்க.

நான் அதை நம்பவில்லை. வெளியே மூச்சுவிட்டால் புகை வருகிற குளிர், கோட் இல்லாமலிருக்குமா என்று நகர் மையத்துக்கு நடந்தேன். அவள் சொன்னது சரி. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளும் ரோஸுமாக மெல்லிய சட்டைகள். பொம்மைகள் எல்லாம் வெயிலில் நிற்பது போல நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டு போகிற சனம் காதுவரை மூடியிருந்தது. கடைகளின் பின் மூலையில் மிஞ்சிய கோட்டுகள் ஒரு கம்பியில் தொங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வதனியை விடலாம். சின்னதாக ஒன்று கிடைத்தது. பார்வைக்குக் கம்பளி, கைக்குள் கசக்கினால் பொலித்தீன் மாதிரிச் சத்தம். ஹோட்டல் விரிப்பு தோய்த்தவனுக்கு அந்தளவாவது தெரியும்.

மத்தியானம் தெருக்கடையில் 'கறி வூர்ஸ்ட்' சாப்பிட்டேன். சொசேஜை வெட்டி, தக்காளிச் சோஸ் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை மஞ்சள் நிறத் தூள் தூவித் தருகிறார்கள். அதற்குக் கறி என்று பெயர். பக்கத்தில் நல்ல கம்பளிக் கோட் போட்ட ஒருவர் நின்று சாப்பிட்டார். அவருடைய கோட்டில் ஒரு வாசமும் ஏறவில்லை.

வதனியின் புருஷன் மோகன் லொறி ஓட்டுகிறவன். அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது பெல்ஜியத்திலிருந்து போன் எடுத்தான்.

"என்ன மச்சான், வந்து மூண்டு நாளிலை வீட்டிலை உள்ளதெல்லாம் சின்னனாக்கிப் போட்டியாம். என்ர கட்டிலையும் தோச்சிடாதை. எனக்கு நித்திரை வேணும்."

"சியாமளா அக்காவிட்டை ஒரு கோட் இரவலுக்குக் கேக்கேலாதோ?" என்று நான் கேட்டேன். சியாமளா இரண்டு தெரு தள்ளியிருக்கும் வதனியின் கூட்டாளி.

வதனி பக்கத்திலிருந்து சொன்னாள்: "அவவின்ர கோட்டுக்குள்ளை நானும் இருந்து, நீங்களும் இருந்து, ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு போகலாம்."

கோட் சுருங்கிய பிறகு அவள் செய்த முதல் பகிடி அது. அந்தத் தைரியத்தில் நான் அவளிடம் ஒரு அளவுச் சட்டை கேட்டேன்.

"கோட்டுக்கு அளவுச் சட்டையோ?"

"பின்னை என்னத்தைக் கொண்டு போறது? உன்னைத் தூக்கிக்கொண்டு போகேலாதே."

சனிக்கிழமையும் அவளுக்கு வேலை இருந்தது, துப்புரவுக் கம்பனியில் கடைசி நாள். வரமுடியாது. சேலைக்குப் போடுகிற மாம்பழ நிறச் சட்டை ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். தையற்காரரிடம் போகும்போது பொருந்துகிற பழைய சட்டையைக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். நாடா போட்டு அளப்பதை நம்பமாட்டோம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

சனிக்கிழமை டுசல்டோர்ஃப் ரயில் பாதி வழியில் நின்றது. ஓட்டுநருக்கு மாற்றாள் வரவில்லை, எல்லோரும் இறங்குங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் கொண்டக்டரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியிருக்கும், அரை மணி நேரத்தில் அவருடைய சாதகம் வரை பேசியிருப்பார்கள். பாரிஸ் என்றால் யாராவது ஒருவர் உரத்துப் பேச மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். இங்கே முழு ரயிலும் ஒரு பெருமூச்சு விட்டது. இறங்கியது. ஒவ்வொருவரும் போனைத் தட்டினார்கள்.

"சனிக்கிழமை வேறு" என்று பக்கத்தில் நின்ற பெண் தனக்குத்தானே சொன்னாள். நாற்பது நிமிஷம் குளிரில் நின்றோம். அவள் பையிலிருந்து உப்புத் தூவிய முறுக்கு வடிவப் பாணை எடுத்து, பாதியை முறித்து எனக்கு நீட்டினாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். தங்கைக்குக் கோட் வாங்க என்றேன். "நல்ல அண்ணன்" என்றாள். நான் பாணை மென்றுகொண்டிருந்தபடியால் மறுத்துச் சொல்லவில்லை.

நெர்மின் சொன்ன கடை ஒரு தேவாலயத்தின் பின்பக்கம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நெட்டையான கிழவி வந்து என்ன வேண்டும் என்றாள். நான் மாம்பழ நிறச் சட்டையை மேசையில் விரித்தேன்.

அவள் அதைக் குனிந்து பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம். "குழந்தைக்கா?"

"தங்கச்சிக்கு. நாற்பத்திரண்டு வயது."

"சரி. இதன் மீதி எங்கே?"

மீதி இல்லை, அவ்வளவுதான், அதற்குக் கீழே சேலை சுற்றுவது என்று கையாலேயே விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் கம்பளிச் சட்டையின் தோளைக் கிள்ளிக் காட்டினாள்.

"கோட் இதற்கு மேலே வர வேண்டும். நீ கொண்டுவந்தது தோலின் அளவு. இந்த அளவில் வாங்கினால் அவள் கோட்டுக்குள் மூச்சுவிட முடியாது."

நாற்பது டிகிரி வெயிலில் தைக்கிற அளவைக் கொண்டுவந்து நான் குளிர்நாட்டில் விரித்திருக்கிறேன். நானே அன்றைக்கும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன், ஆனாலும் யோசிக்கவில்லை.

எவ்வளவு உயரம் என்று கேட்டாள். என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவள் திரும்பி, "ஹெல்கா" என்று கூப்பிட்டாள். பின்னாலிருந்து கழுத்துத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த குட்டையான கிழவி ஒருத்தி வந்தாள். நெட்டைக் கிழவி அவளை என் நெஞ்சோடு ஒட்டி நிற்க வைத்துப் பார்த்தாள். அரை விரல் வித்தியாசம். அதன் பிறகு ஹெல்காதான் வதனி.

குட்டையான பெண்களுக்கு இந்த நாட்டில் வேறு இலக்கம் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சாதாரண அளவு முப்பத்தாறு என்றால், அதே உடம்பு குள்ளமாக இருந்தால் அதில் பாதி, பதினெட்டு. நான் முதல் நாள் முழுவதும் முப்பத்தாறுக்குள் தேடிக் களைத்திருக்கிறேன். பதினெட்டில் அங்கே மூன்று கோட் இருந்தன. முதலாவது கணுக்கால் வரை நீளம். "ரயிலில் ஏறும்போது இதை யார் தூக்கிப் பிடிப்பது?" என்று ஹெல்காவே கழற்றிவிட்டாள். இரண்டாவதற்குப் பொக்கெற் என்று தைத்திருந்தது வெறும் கோடு, கை உள்ளே போகாது. வேலைக்குப் போகிறவள் போனையும் ரயில் அட்டையையும் வாயில் கவ்வுவதா என்றாள்.

மூன்றாவது கரும்பச்சை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. உள்ளே வழுவழுவென்று முழு லைனிங். கொலரை நிமிர்த்தினால் காது வரை வரும், மடித்தால் அலுவலகத்துக்குப் போகிற மாதிரி அடங்கும். இடுப்பில் மெல்லிய வளைவு. ஹெல்கா அதைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள், எழும்பினாள், கையை உயர்த்தி இல்லாத ட்ராம் பிடியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுங்கினாள். தோள் பிடிக்கவில்லை. கடைக்குள் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். கை மட்டும் கொஞ்சம் நீளம்.

நெட்டைக் கிழவி உள்ளே தைத்திருந்த துண்டைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு ஜெர்மன் எழுத்து வாசிக்க வராது என்று கண்டுகொண்டு படத்தைத் தொட்டாள். ஒரு தொட்டி, அதன் மேல் பெருக்கல் அடையாளம்.

"தண்ணீருக்குள் போடாதே" என்றாள்.

வதனியின் கோட்டிலும் அந்தப் படம் இருந்தது. மெஷினுக்குள் போடும்போது பார்த்தேன். ஏதோ கம்பனியின் முத்திரை என்று நினைத்தேன்.

திரும்பி வரும் ரயிலும் பிந்தியது. நெர்மினின் கடை பூட்டியிருந்தது. ஆனால் எனக்கு நெஞ்சில் கிடந்த கல் பாதி இறங்கியிருந்தது. வீட்டில் மோகன் வந்து குளித்துவிட்டு, தொலைக்காட்சிக்கு முன் காலை நீட்டியிருந்தான். நான் வாசலில் நின்றே கேட்டேன்.

"அடுப்பிலை ஏதும் கிடக்கே?"

"கிடக்கு. மீன் குழம்பு."

நான் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கோட்டோடு படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். வெளியே மோகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஆள் திருந்திட்டான்" என்று வதனியிடம் சொன்னான்.

வதனி உள்ளே வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். கை இல்லை. கோட்டின் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது.

"வடிவாக் கிடக்கு அண்ணா" என்றாள். பிறகு கையை மடித்துவிட்டாள். மடித்ததும் அது இரவல் கோட் போல ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் தெரிந்தது. "மடிச்சுக்கொண்டு போறன். ஆர் பாக்கப் போகினம்?"

"எல்லாரும்தான் பாக்கப் போகினம்" என்றான் மோகன், கதவுக்கு வெளியிலிருந்து. அவனுக்கு எப்போதும் உண்மை சொல்கிற நோய்.

பாரிஸில் ஞாயிற்றுக்கிழமையென்றால் எங்கள் தெருவில் தையல் கடை திறந்திருக்கும். இங்கே ஞாயிற்றுக்கிழமை தெருவே கண்ணை மூடியிருக்கும். பேக்கரிகளில் மட்டும் காலையில் வரிசை. அந்த வரிசையைத் தாண்டி நெர்மினின் கடைக்குப் போனேன். இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அவள் மேலே குடியிருக்கிறாள் என்று பெயர்ப்பலகையைப் பார்த்து ஊகித்து மணியை அடித்தேன். ஒரு கையில் பச்சைக் கோட், மறு கையில் சுருங்கிய கோட். அதை ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியாது. வீட்டில் வதனியின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றிருக்கலாம்.

நெர்மின் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். நான் திங்கட்கிழமை என்றேன், காலை ஏழரை என்றேன், பதினொரு வருஷம் என்றேன், ஆணி என்றேன். என் ஜெர்மனில் எது எதற்குப் பிறகு வந்தது என்று தெரியவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய அம்மாவும் அலுவலகம் துடைத்தவளாம்.

"தையல் மெஷின் போட முடியாது" என்றாள். மேலே விரல் காட்டினாள். "ஞாயிற்றுக்கிழமை மெஷின் சத்தம் கேட்டால் மேல்மாடிக்காரர் வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவார். போன வருஷம் எழுதினார்."

நான் போகத் திரும்பினேன்.

"ஊசிக்குச் சத்தம் இல்லை" என்றாள்.

பின்கதவால் போனோம். கடைக்குள் ஒரு விளக்கு மட்டும். நான் கைவிளிம்பின் பழைய தையலை ஒவ்வொரு நூலாகப் பிரித்தேன். அவள் லைனிங்கை விலக்கி, வதனியின் கைநீளத்துக்கு நான் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோன நூலை வைத்துக் குறித்து, உள்ளே மடித்து ஊசி போட்டாள். அளவு நூல், ஸ்வெட்டர் போட்ட கையில் எடுத்தது. நான் படித்துவிட்டேன். இடையில் அவளுக்கு மணிக்கட்டு நோவெடுக்கும், பட்டியை இறுக்குவாள், தேநீர் குடிப்பாள், எள்ளு ஒட்டிய வளையப் பாணை எனக்குத் தள்ளிவிடுவாள். எங்கள் ஆட்கள் தேநீரை ஆற்றிக் குடிப்பார்கள், அவள் கொதிக்கக் கொதிக்க இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில் குடித்தாள்.

தைத்து முடிந்த கைகளுக்கு இஸ்திரி போட வேண்டும். அவளால் பெட்டியைத் தூக்க முடியவில்லை. நான் வாங்கினேன். ஈரத் துணியை மேலே விரித்து, அழுத்தாமல் பெட்டியை வைத்து எடுத்து, ஆவி அடங்கும் வரை கையால் தட்டினேன். ஹோட்டலில் தோய்ப்பது ஒரு வருஷம், மீதி மூன்று வருஷமும் இஸ்திரிதான். அங்கே சமையற்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளும் என் மேசைக்கு வரும். நெர்மின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள்.

"தோய்க்கத் தெரியாதவனுக்கு இது எப்படித் தெரியும்?"

"தோய்க்கிறது வேறு பகுதி" என்றேன்.

எவ்வளவு என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தைத்ததற்குக் காசு வாங்கினால் அது வேலை ஆகிவிடும் என்றாள். "எனக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு முழங்கால் ஒப்பரேஷன். நாளைக் காலை ஏழு மணிக்கு வா. அதற்குக் காசு நான் தருவேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவளுடைய முழங்காலைக் கேட்க வேண்டும்."

ஹம்பேர்க் எங்கேயும் ஓடிப்போகாது. சரி என்றேன். புறப்படும்போது அவள் சுருங்கிய கோட்டை என் கையிலிருந்து வாங்கினாள். முதுகுப் பக்கத்தைப் பெருவிரலால் தடவித் தடிப்புப் பார்த்தாள். "இது இங்கே இருக்கட்டும்" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. போனால் போதும் என்றிருந்தது.

அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மோகன்தான் தடை போட்டவன். தேங்காய்ச் சம்பலும் பாணும் சாப்பிட்டோம். வெங்காயத்தைக்கூட பல்கனியில் வைத்து வெட்டினான். வதனி சாப்பிட்ட பிறகு மூன்று தரம் படுக்கையறைக்குப் போய் வந்தாள். நான்காம் தரம் போனபோது, "அது உள்ளைதான் கிடக்குது, எழும்பி நடக்காது" என்றான். அவள் அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டினாள். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை ஆறரைக்கு அவளோடு ட்ராம் தரிப்பு வரை நடந்தேன். குளிர் காற்று முகத்தில் அறைந்தது. அவள் கொலரை நிமிர்த்திக்கொண்டாள். கை மணிக்கட்டில் சரியாக நின்றது. ஒரு பொக்கெற்றில் போன், மற்றதில் ரயில் அட்டை, இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். கம்பனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நீல ஜாக்கெட் ஒரு பைக்குள் இருந்தது. ட்ராம் வந்தது.

"வாறன் அண்ணா. நீங்களும் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"எனக்கும் வேலைக்கு நேரமாச்சு" என்றேன். அதைச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

நெர்மின் எனக்கு முன்பே கடையைத் திறந்திருந்தாள். இஸ்திரி மேசைக்குப் புது உறை போட்டிருந்தாள். பெரிய மேசையல்ல, உடுப்புகளின் கைகளையும் தோள்களையும் வைத்து அழுத்துகிற ஒடுக்கமான பலகை. தடித்து இறுகிய கம்பளி, ஆவியை உறிஞ்சி வைத்திருக்கும், இதைப் போல ஒன்றைக் கடையில் வாங்க முடியாது என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். வதனியின் கோட்டின் முதுகு. எல்லாவற்றையும் வெட்டி எறிந்தவள், உள்ளே தைத்திருந்த சின்னத் துண்டை மட்டும் எடுக்கவில்லை. தொட்டியும் அதன் மேல் பெருக்கல் அடையாளமும் என் பக்கத்து விளிம்பில் வரும்படி இழுத்து ஆணி அடித்திருந்தாள்.

முதல் இரண்டு காற்சட்டையை முடித்திருப்பேன், போன் அதிர்ந்தது. வதனி எழுதியிருந்தாள். தமிழ் எழுத்து எனக்கு வரும்.

"கோட் மேலை அலுமாரியிலை கொழுவியிருக்கு. மரக் கொழுவி. தூசி கிடக்குது, ஒருத்தரும் தட்டேல்லை."

இரண்டாம் தரம் வாசித்தேன். நெர்மின் தொண்டையைச் செருமினாள். போனை வைத்துவிட்டு அடுத்த உடுப்பை எடுத்தேன். யாரோ ஒரு பெண்ணின் சாம்பல் நிறக் கோட். அதைப் பலகையில் விரிப்பதற்கு முன் உட்பக்கத்தைத் திருப்பிப் படத்தைப் பார்த்தேன்.